சாவி இல்லாத கதவு

வந்தவர்களிடம் லிபராத்தா எல்லாவற்றையும் சொல்வாள். ஒன்றை மட்டும் சொல்ல மாட்டாள்.

ஜுர்தான் குன்றின் கலங்கரை விளக்கத்தைக் காட்டி, அதன் அடிவாரத்தில் அவள் சித்தப்பா கழுதையைத் தொலைத்துவிட்டு, கடைசியில் அது கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்த கதையைச் சொல்வாள். பாறை இடுக்கில் முளைத்த கேப்பர் செடியின் மொட்டைக் கிள்ளிக் கையில் கொடுத்து, மொட்டாக இருக்கும்போது பறித்தால் சாப்பாடு, பூத்துவிட்டால் வெறும் அழகு என்பாள். கரையோர உப்புப் பாத்திகள், ஆட்டுக்கு அறுக்கும் சிவப்புப் பூப் புல், காரை பூசாமல் அடுக்கிய கல் மதில்கள், எந்த மதிலின் இரண்டு பக்கமும் எந்த அண்ணன் தம்பி பேசாமல் இருக்கிறார்கள் என்பது வரை சொல்வாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். காலையில் மால்டாவிலிருந்து கப்பலில் வந்து சாயங்காலம் திரும்பிப் போகிறவர்கள். அவர்களுக்குக் கோசோத் தீவு என்பது ஒரு பகல்.

கோயில் சதுக்கத்திலிருந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது தன் வீடு இருக்கும் சந்து வந்தால் மட்டும் வேகமாகக் கடந்துவிடுவாள். சந்து இடப்பக்கம். அவள் கை வலப்பக்கம் நீண்டு மணிக்கூண்டைக் காட்டும். எல்லாத் தலைகளும் அங்கே திரும்பும். அதற்குள் சந்து பின்னால் போய்விடும்.

சந்தில் இருந்தது சாவிதான். கதவுகளின் வெளிப்பக்கம், பூட்டில் செருகியபடி. அஸ்ரி கிராமத்தில் சாவி வெளியே இருந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது. திருகி, வாசலிலேயே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போகலாம். சாவி இல்லையென்றால் ஆள் இல்லை. திரும்பிப் போய்விட வேண்டும். இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கதவைத் தட்டும் வழக்கம் கிடையாது. தட்டுகிறவன் ஏதாவது விற்க வந்தவன், அல்லது மதம் மாற்ற வந்தவன். தட்டினால் யாரும் எழுந்து வருவதில்லை.

சுற்றுலாவை ஏற்பாடு செய்யும் மால்டாக்காரி ஒருமுறை சொன்னாள். "அந்தச் சாவி விஷயத்தச் சொல்லுங்க, லிபராத்தா. கேக்கறவங்க அப்படியே உருகிடுவாங்க."

"உருகட்டும். உருகினவன் அப்புறம் எந்தக் கதவைத் திறப்பான்னு எனக்குத் தெரியுமா?"

சந்தின் முதல் வீடு அவளுடையது. கதவுக்குப் பக்கத்தில் சுவரில் கங்காரு வரைந்த ஓடு பதித்திருந்தது. அவளும் கணவன் ஜம்ரியும் கல்யாணமான புதிதில் மெல்போர்னுக்குப் போய் பதினோரு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். அந்தக் காசில் கட்டிய வீடு. ஊருக்கு அவர்கள் கங்காருக்காரர்கள். ஜம்ரி அங்கே டிராம் ஓட்டினான், இங்கே உருளைக்கிழங்கு போட்டான். அவள் அங்கே தைத்தாள், இங்கேயும் தையல் ஆலையில் தைத்தாள், ஆலையை மூடியதும் வீட்டில் உட்கார்ந்தாள். மெல்போர்னிலிருந்து கொண்டுவந்த இங்கிலீஷ் வாயில் இருந்தது. அதை வைத்துத்தான் இந்த வேலை கிடைத்தது.

போன தவக்காலத்தில் ஜம்ரிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. காது ஒன்றும் போனது. பேச்சு பாதி திரும்பியது. மருத்துவமனையிலிருந்து கூட்டிவந்த அன்று மெல்போர்னில் இருக்கும் மகள் போனில் அழுதாள். "வேலைய விட்டுடும்மா. இல்லன்னா அப்பாவை முதியோர் இல்லத்துல சேரு. ரெண்டுல ஒண்ணு."

லிபராத்தா இரண்டையும் செய்யவில்லை. எதிர்வீட்டுக்கு அடுத்த வீட்டில் டொலோர் இருந்தாள். நாற்பது வயது, வாய் ஓயாதவள். லிபராத்தா நடைக்குப் போகும் நாட்களில் நண்பகல் மணி அடித்ததும் டொலோர் வந்து சாவியைத் திருகி உள்ளே போவாள். அடுப்பில் வைத்துவிட்டுப் போனதை இறக்கி, ஜம்ரிக்கு ஊட்டி, மாத்திரையைக் கொடுத்து, அவனிடம் திட்டு வாங்கிக்கொண்டு போவாள். சாவி வெளியே இருக்கும்வரை இது நடக்கும். லிபராத்தாவின் வேலை, ஜம்ரியின் வீடு, இரண்டும் அந்தச் சாவியில் தொங்கின.

அப்படியிருந்தும் அவளுக்கு ஒரு நாளும் நிம்மதி கிடையாது. குன்றின் மேல் நின்று கலங்கரை விளக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது கண் கீழே ஊரில் தன் மொட்டைமாடியைத் தேடும். அங்கே புகை இல்லை என்று பார்த்த பிறகுதான் அடுத்த வாக்கியம் வரும்.

அன்று அடுப்பில் முயல். ஒயின் ஊற்றி, பூண்டும் தக்காளியும் போட்டு, மிகச் சிறிய தீயில் வைத்துவிட்டு வந்திருந்தாள். பின்கட்டுச் சமையலறையில். நடுவில் முற்றம். முன்னறையில் ஜம்ரியின் கட்டில்.

"போறியா?" என்று கேட்டான் ஜம்ரி. தினமும் கேட்பது.

"மத்தியானம் டொலோர் வருவா."

"அவ வாயிக்கு, முயலே பொழச்சு ஓடிரும்."

அவள் வானொலியைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். கதவைச் சாத்தி, பூட்டில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். அந்தப் பூட்டுக்கு இருந்த ஒரே சாவி. அதில் ஒரு சின்னப் பித்தளைக் கங்காரு ஆடியது.

அன்று வந்தவர்களில் டென்மார்க்காரர் ஒருவர். பிரெபென் என்று பெயர். உயரமான, மெலிந்த, ஓய்வுபெற்ற மனிதர். எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்பார். சதுக்கத்திலேயே அவருக்கு முழங்கால் வலித்தது.

"நான் இங்கயே உக்காந்திருக்கேன். நீங்க போயிட்டு வாங்க. நான் யாருக்கும் தொந்தரவா இருக்க மாட்டேன்."

பேருந்து ஓட்டுநர் வென்சு சதுக்கத்தில் இருந்தான். "நான் பாத்துக்கறேன்க்கா. நீங்க நடங்க," என்றான். சொல்லிவிட்டு மதுக்கடைக்குள் தேநீர் குடிக்கப் போனான்.

லிபராத்தா மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு மணிக்கூண்டைக் காட்டியபடி சந்தைக் கடந்தாள். மற்ற வீட்டுக்காரர்கள் கிழங்கு பறிக்கப் போயிருந்தார்கள். டொலோரும் போயிருந்தாள். சந்து வெறிச்சென்று கிடந்தது.

கடல் உள்ளே புகுந்துவரும் பள்ளத்தாக்கில் அவர்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது நண்பகல் மணி கேட்டது. லிபராத்தா பேச்சை நிறுத்தினாள். அவள் மனத்துக்குள் டொலோர் தலைத்துணியை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு சந்துக்குள் வந்தாள். சாவியைத் திருகினாள். முற்றத்தைக் கடந்தாள். அடுப்பை அணைத்தாள்.

"என்ன ஆச்சு?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. மணி," என்றாள் லிபராத்தா. பிறகு நன்றாகவே பேசினாள். அங்கே போன் எடுக்காது. எடுக்காததைப் பற்றி அன்று அவள் கவலைப்படவில்லை.

திரும்பிச் சதுக்கத்துக்கு வந்தபோது பிரெபென் பேருந்தின் முன் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. தொப்பி மடியில். "வலி மாத்திரை போட்டாரு. போட்டதும் ஆளு அவுட்டு," என்றான் வென்சு. கப்பலுக்கு நேரமாகிவிட்டது. எல்லோரும் கை குலுக்கினார்கள். பேருந்து இம்ஜார் துறைமுகத்துக்குக் கிளம்பியது. லிபராத்தா கை காட்டினாள். செருப்பிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.

ரொட்டிக்கடை வாசலில் நின்ற பெண் அவளைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயோ, நடந்தா வர? எந்த வார்டுல இருக்கான்?"

"யாரு?"

"யாருன்னா? ஜம்ரிதான்."

"ஜம்ரி வீட்ல இருக்கான்."

அந்தப் பெண் அவளைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. இவளுக்கு இன்னும் தெரியாது என்கிற இரக்கம்.

லிபராத்தா ஓடினாள். சந்து முனையில் திரும்பியதும் கதவு தெரிந்தது. பூட்டில் சாவி இல்லை.

அந்த ஓட்டையை அவள் அதுவரை வெறுமையாகப் பார்த்ததில்லை என்றே சொல்லலாம். ஜம்ரி மருத்துவமனையில் கிடந்த நாட்களில் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான். அதனால் அவளுக்கு யோசிக்க எதுவும் இல்லை. கதவைத் தொடக்கூட இல்லை. சாவி இல்லை, ஆள் இல்லை. தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

டொலோர் தன் வீட்டிலிருந்து ஓடி வந்தாள். "அக்கா, எப்படிக்கா இருக்காரு? நான் கெழங்குக் காட்டுலேருந்து வந்து பாக்கறேன், சாவியக் காணோம். உங்களுக்குப் போன் போட்டா போகல. பாவம், திடீர்னு ஏதோ ஆயி நீங்களே வந்து கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன். ஊரு பூரா செபம் பண்றாங்க."

"நான் கூட்டிட்டுப் போகல."

"அப்ப ஆம்புலன்ஸ்ல போயிருப்பாரு."

கொத்தனார் சாவேர் மதுக்கடையிலிருந்து வந்தான். ஜம்ரியோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாக அடிவாங்கியவன். ஒன்றும் கேட்காமல் வண்டிக் கதவைத் திறந்தான். "ஏறு."

வண்டியின் பின்னால் சிமெண்டுச் சட்டிகளும் கடப்பாரையும் உருண்டன. சாவேர் வளைவுகளில் வேகத்தைக் குறைக்கவில்லை.

"அவன் கழுதைடி. கழுதைங்க சீக்கிரம் சாகாது."

"காலைல போறியான்னு கேட்டான்."

"தெனம் கேக்கறதுதான?"

"இன்னிக்கு வேற மாதிரி கேட்டானோ என்னமோ."

"எல்லா நாளும் ஒரே மாதிரிதான் கேப்பான். அவனுக்கு வேற மாதிரி கேக்கத் தெரியாது."

அவள் மடியில் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லம் என்று மகள் சொன்ன குரல் கேட்டது. கட்டிலை நினைத்தாள். அதில் போர்வை மடித்திருக்கிறதா, கலைந்திருக்கிறதா என்று நினைத்தாள். தூக்கிக்கொண்டு போனவர்கள் செருப்பு போட்டுவிட்டிருப்பார்களா? அவனுக்குக் கால் சீக்கிரம் குளிரும்.

தீவின் நடுவிலிருந்த ரபாத் நகரத்தில் மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண் சாவேருக்குத் தூரத்து உறவு. கணினியைப் பார்த்தாள். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"ஜம்ரி மாமாவா? கொண்டுவரவே இல்லையே. இப்பத்தான் உங்க பங்குச் சாமியாரும் கடைசிப் பூசுதலுக்கு எண்ணெய்ப் புட்டியோட வந்து தேடிட்டுப் போனாரு."

"வேற எங்கயாவது...?"

"வேற எங்க? இந்தத் தீவுல இருக்கறது ஒரே ஆஸ்பத்திரி."

வெளியே படியில் நின்றார்கள். சாவேர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "சரி, யாரு சொன்னா ஆம்புலன்ஸ் வந்துச்சுன்னு?"

மதுக்கடையில் கேட்டதைச் சாவேர் பின்னோக்கி அடுக்கிப் பார்த்தான். ரொட்டிக்கடைக்காரிக்கு மதுக்கடையில் சொன்னார்கள். மதுக்கடையில் சாமியார் வீட்டு வேலைக்காரி சொன்னாள். அவளிடம் டொலோர் சொன்னாள். டொலோர் ஆம்புலன்ஸைப் பார்க்கவில்லை. பார்த்தது சாவி இல்லாத கதவை.

"அப்ப அவனத் தூக்கிட்டுப் போனது யாரு?" என்றான் சாவேர்.

லிபராத்தா அவன் கையைப் பிடித்தாள்.

"அவன யாரும் தூக்கிட்டுப் போகல," என்றாள். "சாவியத்தான் தூக்கிட்டுப் போயிருக்காங்க."

சாவேர் அவளைப் பார்த்தான்.

"அடுப்பு எரியுது, சாவேர். காலைலேருந்து எரியுது."

திரும்பி வரும் வழியில் குன்று தெரிந்ததும் அவள் கழுத்தை நீட்டி ஊரின் மொட்டைமாடிகளைப் பார்த்தாள். புகை இல்லை. புகை இல்லை என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தீ அணைந்துவிட்டது என்றால் யார் அணைத்தது? தீ மட்டும் அணைந்து வாயு வந்துகொண்டே இருந்தால்?

சந்தில் பாதி ஊர் நின்றது. செபமாலையோடு நின்றவர்களும் இருந்தார்கள். எல்லோரும் கதவிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றார்கள். சாவி இல்லாத கதவின் பக்கத்தில் நிற்க யாருக்கும் வழக்கமில்லை.

"உள்ளதான் இருக்கான்!" என்று சாவேர் வண்டியிலிருந்து இறங்குமுன்பே கத்தினான்.

டொலோர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லிபராத்தா கதவை அடித்தாள். உள்ளங்கையால், பிறகு முட்டியால். "ஜம்ரி! ஜம்ரி!" கனத்த மரம். சத்தத்தை அது தானே வைத்துக்கொண்டது. யாரோ வீட்டுத் தொலைபேசிக்கு அடித்தார்கள். உள்ளே மணி அடிப்பது எல்லோருக்கும் கேட்டது. அடித்து ஓய்ந்தது. தன் வீட்டுத் தொலைபேசி அடிப்பதை வெளியே நின்று கேட்பது, தன் பெயரை வேறு யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது. வானொலி பாடிக்கொண்டிருந்தது. அது எது நடந்தாலும் பாடும்.

அவள் மண்டியிட்டுச் சாவி ஓட்டையில் கண்ணை வைத்தாள். அதன் வழியாக யாரும் எதையும் பார்த்ததில்லை. எப்போதும் சாவி இருந்த இடம். நடைபாதையின் ஒரு துண்டு தெரிந்தது. அதற்கப்பால் முற்றத்தின் ஒரு துண்டு. முற்றத்துக் கல்லின் நடுவில் ஜம்ரியின் ஒற்றைச் செருப்பு கவிழ்ந்து கிடந்தது.

கண்ணை எடுத்து மூக்கை வைத்தாள். கருகல் வாசனை.

"மாடி வழியா எறங்கலாமாக்கா?" என்றாள் டொலோர்.

"மாடிக் கதவுக்கு உள்பக்கம் தாழ். பனிக்காலத்துல காத்துக்குப் பயந்து நான்தான் போட்டேன்."

சாவேர் கடப்பாரையை எடுத்து வந்துவிட்டான். ஆனால் நின்றான். ஒரு வீட்டுக் கதவை உடைப்பது அந்த ஊரில் நடந்து யாரும் பார்த்ததில்லை. "லிபராத்தா, நீ சொன்னாத்தான்," என்றான்.

"ஒடை."

முதல் அடிக்குக் கல் நிலை பெயர்ந்தது. இரண்டாவதுக்குப் பூட்டு மரத்தோடு கிழிந்தது. அதற்குப் பிறகும் கீல் விடவில்லை. சாவேரும் இன்னும் இரண்டு பேரும் தோள் கொடுத்தார்கள். கதவு முழுதாக உள்ளே விழுந்தது. விழுந்த கதவின் மேல் மிதித்துக்கொண்டு லிபராத்தா ஓடினாள்.

கட்டில் காலி. போர்வை தரையில். நடைபாதைச் சுவரில் கை தேய்த்துக்கொண்டு போன தடம். முற்றம். செருப்பு. சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது.

ஜம்ரி தரையில் உட்கார்ந்திருந்தான். முதுகு அலமாரியில் சாய்ந்திருந்தது. உயிருள்ள கையில் துடைப்பம். அதன் காம்பால்தான் அடுப்பின் திருகை எட்டித் திருப்பியிருக்கிறான். நெற்றியில் காய்ந்த ரத்தம். சட்டி கருப்பாக இருந்தது.

அவன் முதலில் அவளைப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால் மூச்சிரைக்க நின்ற சாவேரை, கடப்பாரையை, டொலோரை, ஊரை.

"என்னது அது சத்தம்?"

"கதவு," என்றாள் லிபராத்தா. அவன் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது.

"கதவ எதுக்கு ஒடைச்சீங்க?" வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. "சாவி வெளியிலதான இருக்கு?"

சாவேர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தான். அது சறுக்கி விழுந்தது.

"நாங்க அவ்வளவு நேரம் தட்டினோமே ஜம்ரி, கேக்கலியா?"

"கேட்டுச்சு. காலைலயும் எவனோ தட்டினான். சாயங்காலமும் தட்டினான். நம்மாளுன்னா உள்ள வருவான். தட்றவனுக்கு நான் எதுக்கு வாயத் தெறக்கணும்?" மூச்சு வாங்கிக்கொண்டான். பிறகு டொலோரைத் தேடிப் பிடித்துப் பார்த்தான். "மணி அடிச்சுது. நீ வரல. முயலு கருகுது. நான் கூப்பிடறேன், கூப்பிடறேன். அந்தப் பாழாப்போன ரேடியோ."

டொலோர் அழுதுகொண்டே சிரித்தாள். "சாவி இல்ல மாமா. சாவி இல்லாத வீட்ல நான் எப்படி நுழைவேன்?"

அவனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு நெற்றியில் ஒட்டுப் போட்டார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. "பின்கட்டு வரைக்கும் தனியா நடந்தீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். அதில் ஜம்ரிக்கு இருந்த பெருமை, அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்கட்டும் என்று காத்திருந்தது.

லிபராத்தா கருகிய சட்டியைத் தண்ணீரில் போட்டாள். காலையிலும் எவனோ தட்டினான். அந்த வார்த்தை அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது. காலையில் சந்தில் யார் இருந்தார்கள்? எல்லோரும் கிழங்குக் காட்டில். சதுக்கத்தில் இருந்த வெளியாள் ஒரே ஒருவர்.

அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பேருந்து சந்து முனையில் வந்து நின்றது. அவ்வளவு பெரிய வண்டி அங்கே வந்ததில்லை. வென்சு குதித்து இறங்கினான். கதவு இருந்த இடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"அக்கா, மாமா...?"

"இருக்கான்."

வென்சு சிலுவை போட்டுக்கொண்டான். "கப்பல் வரிசைல நிக்கறோம். இவரு முழிச்சு, பைல கைய விட்டு, எடுத்துக் காட்டறாரு. கங்காரு! எனக்கு ஒடம்பே ஆடிப்போச்சு. திருப்பிக்கிட்டு வந்துட்டேன். எல்லாரும் கப்பல விட்டுட்டாங்க."

பிரெபென் அவனுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தார். சாவியை இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்து ஏந்தியிருந்தார். மற்றப் பயணிகள் பேருந்தின் படியிலும் பக்கத்திலும் நின்றார்கள். சந்தில் ஊர் நின்றது. நடுவில் அவர்.

"அந்தச் சுவத்துக் கங்காருவைப் படம் எடுக்க வந்தேன்," என்றார். "மத்தக் கதவு எதுலயும் சாவி இல்ல. இதுல மட்டும் இருந்தது. தட்டினேன். நல்லாத் தட்டினேன். யாரும் வரல. மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். எங்க மாதிரி வெளியாளுங்க நடமாடற நாள். யாராவது உள்ள போயிட்டா? அதான் பூட்டி எடுத்துக்கிட்டேன். உங்ககிட்ட கொடுக்கணும்னு. அப்புறம் மாத்திரை..."

லிபராத்தாவுக்கு வாயில் வந்தது மெல்போர்ன் டிராம் பணிமனையில் ஜம்ரி கற்றுக்கொண்டு வந்து வீட்டில் புழங்கிய இங்கிலீஷ் வசவு. அதைச் சொல்லத்தான் மூச்சை இழுத்தாள்.

அதற்குள் டொலோர் தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் கேட்டுவிட்டாள். "உங்களுக்கு யாரும் சொல்லலியா? சாவிய எடுக்கக் கூடாதுன்னு?"

பிரெபென் லிபராத்தாவைப் பார்த்தார்.

"இல்ல," என்றார். "அத மட்டும் சொல்லல."

இழுத்த மூச்சை லிபராத்தா மெதுவாக விட்டாள். சாவியை வாங்கிக்கொண்டாள். அது அவர் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. அதைச் செருக ஒரு கதவு இல்லை.

உள்ளேயிருந்து ஜம்ரியின் குரல் வந்தது. "யாரு வாசல்ல?"

"வெளியூர்க்காரங்க."

"ஏன் நிக்கறாங்க?"

அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

"வரச் சொல்லு," என்றான் ஜம்ரி. "கதவுதான் இல்லியே."

சாவேர் முதலில் சிரித்தான். பிறகு சந்து முழுக்கச் சிரித்தது. பயணிகளுக்குப் புரியவில்லை, ஆனாலும் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்கள். விழுந்த கதவை மிதிக்காமல் ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். ஒரு பெண் வாசலில் செருப்பைக் கழற்றப் போனாள், வென்சு வேண்டாம் என்றான். டொலோர் வீட்டிலிருந்து ரொட்டியும் தக்காளியும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் வந்தன. ரொட்டிக்கடைக்காரியும் எதையோ கொண்டுவந்தாள், சற்று முன் இரங்கியதற்கு ஈடுபோல. பங்குச் சாமியார் எண்ணெய்ப் புட்டியோடு வந்து, ஜம்ரி ஒயின் குடிப்பதைப் பார்த்து, புட்டியை அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பிரெபென் சாப்பிடவில்லை. ஜம்ரியின் எதிரே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஜம்ரி அவர் முழங்காலைத் துடைப்பத்தால் லேசாகத் தட்டினான். "உனக்கு ஒரு காலு போச்சு. எனக்கும் ஒரு காலு. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு ஓடலாம்." லிபராத்தா அதை இங்கிலீஷில் சொன்னாள். பிறகு நிறுத்தாமல் அந்தச் சாவி விஷயத்தையும் சொன்னாள். வெளியே இருந்தால் ஆள் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. சொல்லும்போது அவள் பார்வை அவர்களின் முகத்தில் நிற்கவில்லை. கைகளுக்கும் பைகளுக்கும் போய்ப் போய் வந்தது. யாரும் உருகவில்லை. எல்லோரும் வாசலில் கிடந்த கதவைப் பார்த்தார்கள்.

கடைசிக் கப்பலுக்கு அவர்கள் போன பிறகு சாவேர் கதவைத் தூக்கி வெளிச்சுவரில் கங்காருவுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தான். "நாளைக்கு வந்து நிலையப் பூசறேன். கீலுக்கு நாலு நாள் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் என்ன? திருடனா வரப்போறான்?" என்றவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அவள் ஜம்ரிக்குப் போர்வையைப் போர்த்திவிட்டாள்.

"திரும்பவும் போவியா?" என்று கேட்டான். வேறு மாதிரி கேட்கத் தெரியாதவன் வேறு மாதிரி கேட்டான்.

"தெரியல."

"போ. ஆனா முயல வைக்காத. சூப்பு வை. சூப்பு கருகறதுக்கு நேரமாகும்."

இருட்டுவதற்குள் டொலோர் கஞ்சி கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாள். லிபராத்தா முன்னறையில் ஜம்ரியின் பக்கத்தில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தாள். கதவில்லாத வாசல் ஆள் இருக்கிறதா இல்லையா என்று எதையும் சொல்லவில்லை. சந்தில் நடந்து போனவர்கள் அந்த இடத்தில் மெதுவாகி, உள்ளே பார்க்காமல், பேச்சைக் குறைத்துக்கொண்டு கடந்தார்கள். துக்க வீட்டைக் கடப்பதுபோல.

அவள் எழுந்து வெளியே போனாள். சாய்த்துவைத்த கதவின் கிழிந்த பூட்டைக் கையால் நிமிர்த்தி, அதில் சாவியைச் செருகினாள். கங்காரு ஆடி நின்றது. உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் டொலோரின் செருப்புச் சத்தம் கேட்டது. வாசலுக்கு வெளியே அது நின்றது. லிபராத்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஜம்ரி மாமா!" என்று கூப்பிட்டுக்கொண்டே டொலோர் உள்ளே வந்தாள்.